எண்ணுதலும் எண்ணப்படுதலும்: ஆரம்ப வகுப்புகளில் தரவும் வரைபும்

எமது ஆரம்ப வகுப்புகளிலே வரைபு கற்பிக்கப்படும் முறையைச் சற்று நினைவுகூர்வோம். ஆசிரியர் கரும்பலகையில் ஓர் அட்டவணையை எழுதுகின்றார். ‘ஒரு வகுப்பு மாணவர் விரும்பும் பழங்கள்’ என்பது அதன் தலைப்பு. மாம்பழம் 8, வாழைப்பழம் 6, தோடம்பழம் 4, பப்பாசிப்பழம் 3. பிள்ளைகள் சதுரக்கோட்டுக் கொப்பியிலே கட்டங்களை எண்ணிச் சலாகைகளை வரைந்து நிறந்தீட்டுகின்றனர். கோடுகள் நேராகவும் நிறம் எல்லை மீறாமலும் அமையின் சரி அடையாளம் கிடைக்கின்றது. ‘கூடுதலான மாணவர் விரும்பும் பழம் எது?’ என்ற வினாவுக்கு ‘மாம்பழம்’ என விடை எழுதப்பட்டதும் பாடம் நிறைவெய்துகின்றது.

இப்பாடத்திலே கணிதத் தவறு எதுவுமில்லை. ஆயின், அந்த ‘ஒரு வகுப்பு’ எங்குள்ளது? அந்த இருபத்தொரு பிள்ளைகளிடமும் வினாவியவர் யார்? இரண்டு பழங்களை ஒரேயளவில் விரும்பிய பிள்ளையை அவர் எப்பழத்தின்கீழ்ச் சேர்த்தார்? பலாப்பழத்தை விரும்பிய பிள்ளை ஒன்றேனும் அங்கு இருக்கவில்லையா? இவ்வினாக்கள் வகுப்பறையில் எழுவதில்லை, எழுவதற்கு இடமுமில்லை. தரவொன்றை உருவாக்குவதிலுள்ள முடிவுகள் அனைத்தும், பிள்ளை பென்சிலைக் கையிலெடுக்குமுன்னரே, யாரோ ஒருவரால் எடுக்கப்பட்டுவிட்டன. பிள்ளைக்கு எஞ்சியிருப்பது நிறந்தீட்டும் வேலை மட்டுமே.

இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த முனைவது யாதெனில், தரவுகளை ஒழுங்கமைத்தலும் வரைபாக்குதலும் என்ற பாடத்தின் கல்விப் பெறுமானத்தில் பெரும்பகுதி, அட்டவணைக்கு முற்பட்ட கட்டங்களிலேயே தங்கியுள்ளது என்பதாகும். எதனைக் கேட்பது, எவற்றை ஒரே வகையெனக் கொள்வது, யாரை எண்ணுவது என்பனவற்றைத் தீர்மானித்த பிள்ளைக்கே வரைபு தன் உடைமையாகின்றது. பிறர் தந்த அட்டவணையை வரைந்து பழகிய பிள்ளை, பிற்காலத்தில் எந்த அட்டவணையையும் இயற்கை தந்த பொருளென ஏற்கும் மனப்பாங்கையே பெறுகின்றது. எண்களைக் கொண்டு ஆளப்படும் சமுதாயமொன்றில் இது சிறிய விடயமன்று.

தரவு தோன்றும் இடம்

தரவு என்பது மரத்திலிருந்து விழுந்து கிடக்கும் மாங்காய் போன்று பொறுக்கியெடுக்கப்படுவதன்று. ஒரு தேவையை முன்னிட்டு ஒரு வினா எழுகின்றது. அவ்வினாவே தரவினைத் தோற்றுவிக்கின்றது. இவ்வுண்மையைப் பாடநூல் வழியாகப் பிள்ளைக்கு உணர்த்த வேண்டிய அவசியமில்லை. எமது வீடுகளிலே இது நெடுங்காலம் வழக்கிலிருந்து வந்துள்ளது. நாள்தோறும் பால் வாங்கிய வீட்டின் கதவு நிலையிலே கரியாலோ சுண்ணாம்பாலோ இடப்பட்ட கோடுகள் மாத முடிவிற் கணக்காயின. எழுத்தறியாதவரும் இக்கோடுகளை அறிந்திருந்தனர். ஒரு கோடு ஒரு போத்தலைக் குறிப்பதா, ஒரு நாளைக் குறிப்பதா என்பதில் இரு தரப்பினரும் முன்னரே உடன்பட்டிருந்தமையே அக்கணக்கின் அடிப்படை.

மலையகத்துப் பிள்ளைக்கு இதனினும் கூர்மையான அனுபவமொன்று உண்டு. கொழுந்து நிறுக்கப்படுவதும், நிறுத்த கிலோ குறிக்கப்படுவதும், குறித்த அளவை எட்டாதவிடத்து அன்றைய நாள் ‘அரைப்பேர்’ எனப் பதியப்படுவதும் லயத்து வீடுகளில் அன்றாடம் பேசப்பட்டு வந்த விடயங்கள். காலை முதல் மலையில் நின்ற ஒருவரது நாள் முழு நாளா, அரை நாளா என்பதை ஏட்டிலுள்ள வகைப்பாடு தீர்மானிக்கின்றது. வகைகளை வகுப்பவர் யார் என்ற வினா அந்த வீட்டுப் பிள்ளைக்குப் புதியதன்று. அவ்வினாவைப் பாடசாலைக்கு எடுத்துவர இடமளிக்கப்படவில்லை என்பதே குறை.

வகைப்படுத்தல்

சிறு பிள்ளைகளின் வகைப்படுத்தும் ஆற்றல் பற்றி விரிவாக ஆராய்ந்தவர்களுள் சுவிற்சர்லாந்து உளவியலறிஞர் ஜீன் பியாஜே முதன்மையானவர். 1941இல் வெளிவந்த, எண்ணின் தோற்றம் பற்றிய நூலில் அவர் விபரிக்கும் பரிசோதனையொன்று பலரும் அறிந்தது. பிள்ளையின் முன் மரமணிகள் வைக்கப்படுகின்றன. அவற்றிற் பல கபில நிறமானவை; சில வெண்ணிறமானவை. மரமணிகள் கூடவா, கபில மணிகள் கூடவா என வினவியபோது, ஏறத்தாழ ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளிற் பலர் கபில மணிகளே கூடவென விடை பகர்ந்தனர். முழுமையையும் அதன் பகுதியையும் ஒரே வேளையில் மனத்திற் கொள்வது அவ்வயதிற் கடினமாயிருப்பதே இதற்குக் காரணமென அவர் விளக்கினார்.

பியாஜேயின் முடிவுகள் பின்னர் மீளாய்வுக்குட்பட்டன. மார்கரெட் டொனால்ட்சன் 1978இல் வெளியிட்ட நூலில், பரிசோதனையின் சூழலும் வினாவின் மொழியும் பிள்ளைக்குப் பொருளுடையனவாக அமையுமிடத்து, பியாஜே கூறிய வயதுக்கு முன்னரே பிள்ளைகள் சரிவர நியாயங்காண வல்லவர் என எடுத்துக்காட்டினார். சம எண்ணிக்கையுள்ள இரு வரிசைகளில் ஒன்றைப் பரிசோதகர் தாமே கலைத்து நீட்டியபோது அவ்வரிசை கூடவெனக் கருதிய பிள்ளைகளிற் பலர், குறும்புக்காரக் கரடிப்பொம்மையொன்று அதனைக் கலைத்தபோது, இரண்டும் சமமே எனக் கூறினர். பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே மாற்றினால் அதில் ஏதோ பொருளிருக்க வேண்டுமெனப் பிள்ளை கருதுகின்றது. பொம்மையின் குறும்புக்கு அத்தகைய பொருளில்லை. ஆசிரியருக்கு இதிலிருந்து கிடைக்கும் படிப்பினை தெளிவானது. பிள்ளையின் இயலாமையெனத் தோன்றுவதில் ஒரு பகுதி, நாம் வினவும் வினாவின் பொருளின்மையே.

எனவே பிள்ளைக்குப் பொருளுடைய வினாவொன்றை எடுத்துக்கொள்வோம். ‘நாம் பாடசாலைக்கு எவ்வாறு வருகின்றோம்?’ என்பது அத்தகையது. விளக்கத்தின் பொருட்டு, முப்பத்திரண்டு பிள்ளைகளைக் கொண்ட இரண்டாந்தர வகுப்பொன்றைக் கற்பனை செய்வோம். நடந்து வருவோர், துவிச்சக்கர வண்டியில் வருவோர், பஸ்ஸில் வருவோர், முச்சக்கர வண்டியில் வருவோர் என நால்வகையைப் பிள்ளைகளே கூறிவிடுவர். எண்ணத் தொடங்கியதும் சிக்கல்கள் தோன்றும். ஒரு பிள்ளை சந்திவரை நடந்து வந்து அங்கிருந்து பஸ்ஸில் ஏறுகின்றது. இன்னொரு பிள்ளை அப்பாவின் சைக்கிளிற் பின்னால் அமர்ந்து வருகின்றது; அதுவும் தானே சைக்கிளோட்டி வரும் பிள்ளையும் ஒரே வகையா? வேறொரு பிள்ளை காலையில் முச்சக்கர வண்டியில் வந்து பிற்பகலில் நடந்து செல்கின்றது.

பல ஆசிரியர் இவ்விடத்திற் பொறுமையிழந்து, ‘நீ பஸ் பக்கம் நில்’ எனத் தாமே தீர்ப்பு வழங்கிவிடுவர். அவ்வாறு செய்யும் வேளையிலேயே பாடத்தின் உயிர்நிலை கைநழுவுகின்றது. இச்சிக்கலைப் பிள்ளைகள் தம்முட் பேசித் தீர்க்க விடுதல் வேண்டும். ‘கூடிய தூரம் எதில் வருகின்றோமோ அதனையே எடுப்போம்’ என ஒரு பிள்ளை கூறலாம். ‘காலையில் வருவதை மட்டும் கேட்போம்’ என இன்னொன்று கூறலாம். இரண்டும் தகுந்த விதிகளே. எவ்விதியைத் தெரிவு செய்தாலும் அதனைக் கரும்பலகையில் எழுதி, எல்லோருக்கும் ஒரேவிதமாகப் பயன்படுத்தல் அவசியம். ஒவ்வொருவருக்கும் ஓரிடம் இருத்தல் வேண்டும். ஒருவருக்கு ஓரிடமே இருத்தல் வேண்டும் என்ற இரு நியதிகளையும் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் இவ்வாறே கண்டறிகின்றனர். விதி மாறினால் எண்ணும் மாறும் என்பதையும் அவர்கள் உடன் காண்கின்றனர். ஒரே வகுப்பை இரு விதிகளின்படி எண்ணிப் பார்க்கச் செய்தால் இது இன்னும் தெளிவாகும்.

எண்ணுதலும் குறித்தலும்

வகைகள் துணியப்பட்ட பின்னரே எண்ணுதல் தொடங்குகின்றது. இதற்கு வரவுக்குறியே தகுந்த கருவி. ஒருவருக்கு ஒரு கோடு. ஐந்தாவது கோடு முன்னைய நான்கினையும் குறுக்காக வெட்டிச் செல்லும். ஐந்து ஐந்தாகக் கூட்டமாக்குவதன் பயன், கணக்கிடுதல் இலகுவாவது மாத்திரமன்று. ஒருவர் எண்ணியதை மற்றொருவர் சரிபார்க்க முடிவதும் அதன் பயனாகும். எண்ணியவர் சொன்னால் நம்பவேண்டும் என்ற நிலையிலிருந்து, எவரும் சோதித்தறியலாம் என்ற நிலைக்கு வகுப்பு நகர்கின்றது.

எமது உதாரண வகுப்பிலே பிள்ளைகள் பெற்ற தொகைகள் இவை எனக் கொள்வோம்: நடந்து 13, துவிச்சக்கர வண்டி 9, பஸ் 5, முச்சக்கர வண்டி 3. கூட்டுத்தொகை 30. இடாப்பிலோ 32 பெயர்கள். ‘மற்ற இருவரும் எங்கே?’ என்ற வினாவை ஆசிரியர் தவறாது எழுப்புதல் வேண்டும். இருவரும் அன்று வரவில்லை. அவர்களை எவ்வகையிற் சேர்ப்பது? சேராமல் விடுவதாயின் அதனை எங்கே குறிப்பிடுவது? ‘இன்று வந்த 30 பேர்; வராதோர் 2 பேர்’ எனப் பிள்ளைகள் அட்டவணையின் அடியில் எழுதும் ஒரு வரி, புள்ளிவிபரவியலின் அடிப்படை ஒழுக்கங்களுள் ஒன்றாகும்.

இதனோடு தொடர்புடையது பூச்சியம் பற்றிய விளக்கம். ‘புகையிரதம்’ என ஒரு நிரலை இட்டு அதில் எவருமில்லையெனக் கண்டால் அங்கே பூச்சியம் எழுதப்படும். கேட்காமலே விட்ட நிரலில் எதுவும் எழுதப்படுவதில்லை. இரண்டும் வெறுமையாகவே தோன்றினும் ஒன்றல்ல. எண்ணியபோது எவருமில்லை என்பது ஓர் அறிவு. எண்ணப்படவில்லை என்பது அறிவின்மை. இவ்வேறுபாட்டின் சமூகப் பரிமாணத்தைப் பின்னர் நோக்குவோம்.

பொருளிலிருந்து வரைபுக்கு

வரைபு வரைதலைத் தாளில் தொடங்குவது பொருந்தாது. அமெரிக்க உளவியலறிஞர் ஜெரோம் புறூணர் 1966இல் விளக்கிய செயல்வழி, படிமவழி, குறியீட்டுவழி என்ற மூவகை வெளிப்பாடுகள் இங்கு நல்ல வழிகாட்டியாக அமைகின்றன. முதலிற் பிள்ளைகளே வரைபாகின்றனர். முற்றத்திலே நான்கு வரிசைகளாக நிற்கும்போது எவ்வரிசை நீண்டது என்பது கண்ணுக்குத் தெரியும். ஆயின், நெருங்கி நின்ற ஒன்பது பேரின் வரிசையும், இடைவெளி விட்டு நின்ற ஐந்து பேரின் வரிசையும் ஒரே நீளமாயிருப்பதையும் பிள்ளைகள் காண்பர். நிலத்திலே சமமான கட்டங்களைக் கீறி, எல்லா வரிசைகளையும் ஒரே கோட்டிலிருந்து தொடங்கி, கட்டத்துக்கு ஒருவராக நிறுத்தும் தேவை அப்போது எழுகின்றது. அச்சு, அளவிடை என்பவற்றின் வித்து இதுவே. இவற்றைப் பிள்ளைகள் ஒரு குழப்பத்துக்குத் தீர்வாகக் கண்டறிந்தமையால், பின்னர் இவற்றை விதியாக மனனஞ் செய்யவேண்டிய நிலை ஏற்படுவதில்லை.

இரண்டாவது கட்டத்திற் பிள்ளைகளுக்குப் பதிலாகப் பொருள்கள் நிற்கின்றன. வெற்றுத் தீப்பெட்டிகள் இதற்கு மிகவும் உகந்தவை. ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரை எழுதி ஒட்டிய தீப்பெட்டியைத் தனக்குரிய வகையில் அடுக்குகின்றது. பெட்டிகள் யாவும் ஒரே அளவின ஆதலால் அடுக்கின் உயரம் எண்ணிக்கையைச் சரியாகக் காட்டும். இதற்கு மாறாக உண்மையான பழங்களை அடுக்கிப் பார்க்கச் செய்தால், ஐந்து மாம்பழங்களின் வரிசை பத்து நெல்லிக்காய்களின் வரிசையை விட நீண்டு நிற்கும். அலகு சமமாயிராவிடின் கண் ஏமாற்றப்படும் என்பதை இதனிலும் எளிதாக உணர்த்த முடியாது.

மூன்றாவது கட்டம் பட வரைபு. இங்கு ஒட்டோ நொய்ராத் என்ற ஒஸ்திரிய அறிஞரின் பணியைக் குறிப்பிடுதல் தகும். சமூக ஜனநாயகக் கட்சியினரின் நிருவாகத்திலிருந்த வியன்னா நகரிலே, 1925இல் அவர் சமூக, பொருளாதார அருங்காட்சியகமொன்றை நிறுவினார். வீடமைப்பு, சுகாதாரம், தொழில் முதலியன பற்றிய புள்ளிவிபரங்களைச் சாதாரண தொழிலாளரும் விளங்கிக்கொள்ளுமாறு படங்களாகக் காட்டுவதே அவரது நோக்கம். பெருந்தொகையைக் காட்டுவதற்குப் படத்தைப் பெரிதாக்கலாகாது. ஒரே அளவுள்ள படத்தைப் பல தடவை இடுதல் வேண்டும் என்பது அவர் வகுத்த முதல் விதி. ஏனெனில், ஓர் உருவத்தின் உயரத்தை இரட்டித்தால் அகலமும் இரட்டித்துப் பரப்பு நான்கு மடங்காகின்றது. பார்ப்பவர் இரண்டை நான்காகக் காண்கின்றார். 1934இல் வியன்னாவில் அரசியல் நிலை மாறியதும் நொய்ராத் ஒல்லாந்துக்குச் சென்றார். அவரது முறை பின்னர் ஐசோடைப் என்ற பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது.

நொய்ராத்தின் குழுவிலே படம் வரைந்தவர் கேர்ட் ஆர்ன்ட்ஸ் என்ற ஓவியர். ஆயின், தரவினை ஆராய்ந்து எதனை எவ்வாறு காட்டுவது எனத் தீர்மானிக்கும் வேலை தனியானதொரு பணியாகவே கருதப்பட்டது. மேரி ரைடமைஸ்டர் அப்பணியில் முக்கிய பங்கு வகித்தார். வரைதல் வேறு, தீர்மானித்தல் வேறு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். எமது வகுப்பறைகளோ ஓவியரின் வேலையைப் பிள்ளைக்கு வழங்கி, மற்ற வேலையைப் பாடநூலுக்கு ஒதுக்கிவிட்டன.

பட வரைபிலே ஒரு படம் ஒருவரைக் குறிப்பதாகத் தொடங்கி, மூன்றாந் தரத்தளவில் ஒரு படம் இருவரைக் குறிப்பதாக மாற்றலாம். அப்போது நடந்து வரும் பதின்மூவரைக் காட்ட ஆறரைப் படங்கள் தேவைப்படும். ‘அரைப்பிள்ளை நடந்து வருமா?’ என வகுப்பு சிரிக்கும். அச்சிரிப்பு வரவேற்கத்தக்கது. படம் பிள்ளையன்று, பிள்ளைகளுக்கான குறியீடே என்பது அங்கு துலங்குகின்றது. அதன் பின்னர் படங்களை நீக்கி, கட்டங்களை ஒன்றாக்கி, சலாகையாக வரைவது இயல்பான அடுத்த படியாகும்.

சலாகை வரைபின் வரலாறும் இவ்விடத்தில் ஒளிதரும். 1786இல் வில்லியம் பிளேபெயர் என்ற ஸ்கொத்லாந்தினர் வர்த்தகம் பற்றிய தமது வரைபு நூலை வெளியிட்டார். அதிலுள்ள வரைபுகள் ஏறக்குறைய யாவும் ஆண்டுக்காண்டு ஏற்பட்ட மாற்றத்தைக் கோடுகளாற் காட்டுவன. ஸ்கொத்லாந்தைப் பொறுத்தவரையில் தொடர்ச்சியான ஆண்டுகளுக்குரிய விபரம் அவருக்குக் கிடைக்கவில்லை. 1780-81 ஆகிய ஓராண்டுக்குரியதே கிடைத்தது. எனவே அந்நாடு வாணிகஞ் செய்த பதினேழு இடங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இறக்குமதியையும் ஏற்றுமதியையும் சலாகைகளாற் காட்டினார். தரவின் தன்மையே வரைபின் வடிவைத் தீர்மானிக்கின்றது என்பதற்கு இது நல்ல சான்று. நடையும் பஸ்ஸும் தனித்தனி வகைகள். அவற்றின் சலாகை முனைகளைக் கோட்டால் இணைப்பதிற் பொருளில்லை. மாதந்தோறும் அளக்கப்பட்ட பயற்றஞ்செடியின் உயரத்தைக் கோட்டால் இணைக்கலாம். இரண்டு அளவைகளுக்கிடையிலும் செடி வளர்ந்துகொண்டேயிருந்தது. இவ்வேறுபாட்டைப் பத்து வயதுப் பிள்ளை விளங்கிக்கொள்ளும்.

வரைபை வாசித்தல்

வரைந்து முடித்தலோடு பாடம் நிறைவுறுவதில்லை. வரைபை விளங்கிக்கொள்வதில் மூன்று நிலைகளுண்டென பிரான்சிஸ் கேர்சியோ 1987இல் எடுத்துரைத்தார். வரைபில் உள்ளதை வாசித்தல் முதலாவது. ‘பஸ்ஸில் வருவோர் எத்தனை பேர்?’ என்பது அத்தகைய வினா. உள்ளவற்றுக்கிடையிலான தொடர்பை வாசித்தல் இரண்டாவது. ‘பஸ்ஸில் வருவோரை விட நடந்து வருவோர் எத்தனை பேர் கூட?’ என்பது இவ்வகைக்குரியது. வரைபுக்கு அப்பாற் சென்று வாசித்தல் மூன்றாவது. ‘நாளை மழை பெய்தால் இவ்வரைபு எவ்வாறு மாறும்?’ என்ற வினா இதற்கு எடுத்துக்காட்டு. பரீட்சைத் தாள்கள் முதலிரு நிலைகளோடு அமைந்துவிடுவது வழக்கம். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையை இலக்காகக் கொண்டு பயிற்றப்படும் பிள்ளைக்கு மூன்றாம் நிலை பெரும்பாலும் எட்டுவதேயில்லை.

எமது உதாரண வகுப்பு வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், மழை நாளொன்றில், மீண்டும் எண்ணியதாகக் கொள்வோம். நடந்து 9, துவிச்சக்கர வண்டி 4, பஸ் 5, முச்சக்கர வண்டி 6, மொத்தம் 24. வராதோர் 8. இரு வரைபுகளையும் அருகருகே வைத்து நோக்கும் பிள்ளைகள், முச்சக்கர வண்டிச் சலாகை உயர்ந்ததை முதலிற் காண்பர். பஸ் சலாகை மாறாதிருந்ததை அடுத்துக் காண்பர். பின்னரே எவரேனும் ஒருவர், அடிக்குறிப்பிலுள்ள இரண்டு எட்டானதைக் கவனிப்பார். வராத எண்மரும் எங்கே வசிப்பவர்? அவர்களது பாதையில் வெள்ளம் தேங்குகின்றதா? குடை இல்லையா? இவ்விடத்தில் வரைபு ஒரு வகுப்பின் வாழ்க்கையைப் பேசத் தொடங்குகின்றது. சலாகைகளில் இடம்பெறாதோரே அதன் முக்கிய செய்தியாகின்றனர்.

சமூகப் பரிமாணம்

வகுப்பறையில் நிகழும் இச்சிறு செயல்களுக்கும் நாட்டின் பெரிய அட்டவணைகளுக்கும் தொடர்பில்லை எனக் கருதுவது தவறாகும். இலங்கை முழுவதற்குமான முதலாவது குடிசன மதிப்பீடு 1871இல் நடைபெற்றது. 1911ஆம் ஆண்டு மதிப்பீட்டிலே தமிழர், ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என இரு வகைகளாகப் பிரித்து எண்ணப்பட்டனர். படிவத்தில் ஒரு நிரல் இரண்டானது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய வரலாறு நாம் அறிந்ததே. அட்டவணையொன்றுதான் அதற்குக் காரணமெனக் கூறுதல் பொருந்தாது. அதற்கு வேறு அரசியற் காரணங்கள் இருந்தன. ஆயின், ஒரு வகைப்பாடு ஏட்டில் நிலைபெற்றுவிட்டால் அது இயற்கையானதாகத் தோற்றமளிக்கத் தொடங்குகின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

எண்ணப்படாமையும் ஓர் அனுபவமே. 1981இன் பின்னர் அடுத்த மதிப்பீடு 2001இலேயே நடைபெற்றது. அப்போதும், போர்ச் சூழல் காரணமாக, இருபத்தைந்து மாவட்டங்களுள் பதினெட்டிலேயே அது முழுமையாக நிறைவேறியது. வடக்கு, கிழக்கின் பெரும்பகுதி அந்த அட்டவணையில் முழுமையாக இடம்பெறவில்லை. 2012இல் நடந்த மதிப்பீடே, மூன்று தசாப்தங்களின் பின்னர், நாடு முழுவதையும் உள்ளடக்கியது. பாடசாலைகள், வைத்தியசாலைகள், ஆசிரியர் தொகை ஆகியவற்றைத் திட்டமிடுவோர் நாடும் ஏட்டிலே ஒரு தலைமுறை வெற்றிடமாகவோ உத்தேசக் கணிப்பாகவோ இருந்தது. ‘பூச்சியம் வேறு, எண்ணப்படாமை வேறு’ என இரண்டாந் தரத்திற் கற்ற பிள்ளை, வளர்ந்தபின் இத்தகைய ஏட்டினைப் பார்க்கும்போது தகுந்த வினாவை எழுப்பும்.

ஏழு வயதுப் பிள்ளைக்குக் குடியுரிமைச் சட்டத்தைக் கற்பிக்க வேண்டுமென நாம் கூறவில்லை. இரு வண்டியில் மாறி வந்த பிள்ளைக்கு ஓரிடம் தேடிக் கொடுத்தவர்கள், நிரல்கள் மனிதரால் வகுக்கப்படுவன என்பதை அறிவர். அவ்வயதுக்கு அதுவே போதுமானது.

சில எச்சரிக்கைகள்

பிள்ளைகளின் வாழ்விலிருந்து தரவு திரட்டுகையில் ஆசிரியர் மிகுந்த அவதானத்துடன் நடந்துகொள்ளல் வேண்டும். ‘இன்று காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?’ என்பது பயிற்சி நூல்களிற் காணப்படும் சாதாரண வினா. ஒன்றும் உண்ணாது வந்த பிள்ளையின் பெயர் தாங்கிய தீப்பெட்டி எல்லோர் முன்னிலையிலும் தனித்து நிற்பதை எண்ணிப் பார்த்தால் இதன் கொடுமை புரியும். தகப்பனின் தொழில், வீட்டின் கூரை, பாதணியின் விலை முதலியனவும் இத்தகையனவே. பிள்ளையைப் பிறர் முன் நாணச் செய்யும் வினா வேண்டாம். அத்தகைய விபரம் அறிய வேண்டியது அவசியமாயின் பெயரின்றித் துண்டுத்தாளிற் பெறலாம். எதனைக் கேட்கலாகாது என்பதும் தரவு பற்றிய கல்வியின் ஒரு பகுதியே. பாடசாலைக்கு வரும் வழியும்கூடச் சில வகுப்புகளில் ஏற்றத்தாழ்வை வெளிப்படுத்தலாம். தம் பிள்ளைகளை அறிந்த ஆசிரியரே வினாவின் தகுதியைத் தீர்மானிக்க வல்லவர்.

இம்முறைக்கு நேரம் போதாது என்ற ஆட்சேபம் எழக்கூடும். அது நியாயமற்றதன்று. பாடத்திட்டத்தை முடிக்கும் நெருக்கடியும், பெருந்தொகை மாணவரும், ஓராசிரியர் பல தரங்களை ஒருங்கே நடத்தும் நிலையும் உண்மையானவை. ஆயினும் இங்கு கூறப்பட்டவற்றுக்குத் தீப்பெட்டியும் கரித்துண்டும் முற்றமுமே தேவை. பத்துப் பயிற்சிகளை வரைவிக்கும் நேரத்தில் ஒரு வினாவை முழுமையாக நடத்தலாம். வரவு இடாப்பை மாதமொருமுறை வரைபாக்குதல், மழை நாள்களை நாட்காட்டியிற் குறித்தல் என்பன வழக்கமான வேலையோடு இணையக்கூடியன. பல தரங்கள் ஒன்றாயிருக்கும் வகுப்பில் இளையோர் பெட்டிகளை அடுக்க, மூத்தோர் அதனையே தாளில் வரையலாம். அங்கு அக்குறை ஓரளவு வசதியாகவே மாறுகின்றது.

தரங்களுக்கேற்பப் பின்வரும் ஒழுங்கினை ஒரு முன்மொழிவாகத் தரலாம். முதலாந் தரத்தில் இலை, விதை, பொத்தான் முதலியவற்றைப் பிள்ளை தானே வகுத்த இயல்புகளின்படி பிரித்தலும், பிரித்ததற்கான காரணத்தைச் சொல்லுதலும். இரண்டாந் தரத்தில் வரவுக்குறியும் பொருள் வரைபும். மூன்றாந் தரத்தில் பட வரைபும் இருவரைக் குறிக்கும் படமும். நான்காந் தரத்தில் சலாகை வரைபும் இரு வரைபுகளை ஒப்பிடுதலும். ஐந்தாந் தரத்தில் பிள்ளைகளே வினாவொன்றைத் தெரிந்து, தரவு திரட்டி, அறிக்கையொன்றைத் தயாரித்தல். எத்தரத்திலாயினும் ‘யாரைக் கேட்டோம், யாரைக் கேட்கவில்லை’ என்ற ஒரு வரி வரைபின் அடியில் எழுதப்படல் வேண்டும்.

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைகளும் பல்கலைக்கழகக் கல்வித்துறைகளும் இவ்விடயத்திற் செய்யவேண்டியன பல உள. எமது பிள்ளைகள் வகைப்படுத்துகையில் எவ்வாறு வாதிடுகின்றனர், எவ்விதிகளை முன்வைக்கின்றனர் என்பவை தமிழ் மொழிமூல வகுப்பறைகளிலிருந்து பதிவுசெய்யப்படல் வேண்டும். மரமணிகளைக் கொண்டு ஜெனிவாவிற் செய்யப்பட்டதை, புளியங்கொட்டையைக் கொண்டு கிளிநொச்சியிலோ ஹற்றனிலோ செய்து பார்ப்பதற்குப் பெருஞ்செலவு எதுவும் ஏற்படாது. அத்தகைய பதிவுகள் கிடைக்குமாயின், மேலே நாம் தந்த ஒழுங்கு திருத்தப்பட வேண்டியதா என்பதும் தெளிவாகும்.